சுதந்தரம் என்னும் சொல்லும் முன்னோர் காணியும்

பழைய தமிழ் வேதாகமத்தை முதன்முறையாகக் கையிலெடுக்கும் வாசகர் ஒரு சொல்லிடத்துத் தடுமாறுவது இயல்பு. சாந்தகுணமுடையோர் பூமியை என்ன செய்வார்கள் என்று மலைப்பிரசங்கம் கூறுமிடத்தில் 'சுதந்தரித்தல்' என்னும் வினை வருகிறது. ஆகாப் அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்கிறபோது, அத்தோட்டக்காரன் தர மறுக்கும் பொருளுக்குப் பெயர் 'சுதந்தரம்'. தந்தை விட்டுச்செல்லும் உடைமைக்கு உரியவன் 'சுதந்தரவாளி'. 1947க்குப் பின் பிறந்த தலைமுறைக்கு இச்சொல் விடுதலையை மட்டுமே உணர்த்தும். ஆதலால் நாபோத் தன் விடுதலையை விற்க மறுத்தான் என்றே அவர்கள் படித்துவிடக்கூடும். அப்படிப் படிப்பது பிழைதான். ஆயினும் முற்றிலும் பிழையென்று ஒதுக்கிவிடவும் இயலாத பிழை அது.

இவ்விடங்களிலெல்லாம் மூலத்தின் பின்னே நிற்கும் கிரேக்கச் சொல் 'கிளெரொனொமியா' என்பதாகும். இதில் இரு வேர்கள் உள்ளன. 'கிளெரொஸ்' என்பது முதலில் சீட்டு. குலுக்கிப் போடும் சிறு கல் அல்லது மரத்துண்டு. பின்னர் அச்சீட்டினால் ஒருவனுக்கு விழுந்த நிலத்துண்டு. 'நெமொ' என்பது பங்கிடுதல். ஆகவே கிளெரொனொமியா என்றால் சீட்டு விழுந்து கைவந்த பங்கு என்பதே அடிப்பொருள். யூதாசுக்குப் பதிலாக மத்தியாவைத் திருத்தூதராகத் தெரிந்தெடுக்கச் சீடர்கள் போட்ட சீட்டுக்கும் கிளெரொஸ் என்றே பெயர். குருமார் கூட்டத்தைக் குறிக்கும் 'கிளர்ஜி' என்னும் ஆங்கிலச் சொல்லும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே.

கி.மு. மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் அலெக்சாந்திரியாவில் எபிரேய மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள், 'நஹலா' என்னும் எபிரேயச் சொல்லுக்கு நேராகப் பெரும்பாலும் இதனையே வழங்கினர். நஹலா என்பது வெறும் சொத்தன்று. யோசுவாவின் காலத்தில் குலங்களுக்கும் குடும்பங்களுக்கும் சீட்டுப்போட்டுப் பகிர்ந்தளிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நிலம் அது. நிலத்தின் உண்மையான உடையவர் கடவுளே என்பதும், மனிதன் அதில் ஒண்டுக்குடியாக இருப்பவன் என்பதும், எனவே அறுதியாக விற்றல் தகாது என்பதும் லேவியராகமத்தின் சட்டம். நாபோத்தின் மறுப்பு இச்சட்டத்தின்மேல் நிற்கிறது. அரசன் மோசமான பேரமொன்றும் பேசவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்கிறான். அவன் கணக்கில் நிலத்துக்கு நிலமோ பணமோ ஈடாகும். நாபோத்தின் கணக்கில் ஈடே இல்லை.

இதே பொருளை உணர்த்த எபிரேயத்தில் மற்றொரு வினையும் உண்டு: 'யாரஷ்'. சாந்தகுணமுடையோரைப் பற்றிய மலைப்பிரசங்க வாக்குக்கு ஊற்றான 37ஆம் சங்கீதத்தில் வருவது இவ்வினையே. அரபு மொழியில் இதற்கு உடன்பிறந்த வேரினின்று தோன்றியவை 'வாரிஸ்', 'மீராஸ்' என்னும் சொற்கள். தமிழில் வாரிசும் மிராசுமாக நாம் நாள்தோறும் வழங்குவன அவையே. தஞ்சையிலும் செங்கற்பட்டிலும் ஊர்ப் பெரியதனக்காரரை 'மிராசுதார்' என்றழைத்த எவரும், தாவீதின் பேரால் வழங்கும் ஒரு பாட்டின் வேர்ச்சொல்லைத் தாம் உச்சரிப்பதாக அறிந்திருக்க மாட்டார். சொற்களின் பயணம் அத்தகையது.

'சுதந்தரம்' என்பதைச் சுதன், அதாவது மகன், என்பதோடு இணைத்து, மகனுக்கு உரியது என்று பொருள் காணத் தோன்றும். காதுக்கு இனிய விளக்கம். ஆனால் வேர் அதுவன்று. 'ஸ்வ', 'தந்த்ர' என்னும் வடசொற்களின் கூட்டே இது; தன்னைத் தானே நடத்துதல், தன்வசமாயிருத்தல் என்பது பொருள். அச்சொல் எவ்வாறு மரபுரிமையைக் குறிக்க வந்தது? விடையைத் தேடச் சமயநூல்களை விட வருவாய்த்துறைப் பதிவேடுகளையே புரட்டுதல் நலம். அதிலும் சிறப்பாகப் பழைய செங்கற்பட்டு ஜாகீரின் பதிவேடுகளை.

1763இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா, சென்னையைச் சூழ்ந்த நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கிய பொன்னேரி, திருப்பாச்சூர், பூந்தமல்லிப் பகுதிகள் அதில் இருந்தன. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அந்நாட்டின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அவ்வூர்க் கணக்குகளின் ஓலைகளில் ஒரு பகுதி இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. களத்தில் நெல் அளக்கப்படுவதற்கு முன்னும் பின்னும் கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வெட்டியானுக்கு, காணியாட்சிக்காரருக்கு என்று ஒதுக்கப்பட்ட பங்குகள் அவற்றில் காணப்படுகின்றன. மேரை, குப்பத்தம், மானியம் என்று பல பெயர்கள் அவற்றுக்குண்டு. பொதுப்பெயராக வழங்கியது 'சுதந்தரம்' என்பதே. ஆங்கில அதிகாரிகள் அதை 'ஸ்வதந்திரம்' என்று எழுதிக்கொண்டனர். ஒருவன் எவர் தயவையும் நாடாது, தன் பிறப்பினாலும் பதவியினாலும் களத்துமேட்டில் நின்று கேட்டுப் பெறக்கூடிய பங்கு அது. தன்வசமுடைமை, உரிமை, வழிவழி வரும் பேறு ஆகிய மூன்றும் அச்சொல்லில் இவ்வாறு ஒன்றுபட்டன. நில உரிமையும் விடுதலையும் இரு சொற்களாகப் பிரிவதற்கு முந்தைய காலத்தின் சொல் என்று இதனைக் கூறலாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் வாழ்ந்த இடமும் இந்நாட்டை ஒட்டியதே. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அதன்பின் 1742இல் சென்னைக்கு வந்து பின்னர் வேப்பேரியில் தங்கிப் பணியாற்றிய ஜெர்மானியர் யோகான் பிலிப் பப்ரிசியுஸ், 1772இல் தம் புதிய ஏற்பாட்டையும் 1779இல் தமிழ்-ஆங்கில அகராதியையும் வெளியிட்டார். வேப்பேரியின் அச்சகமே ஒரு போர்க்கொள்ளை. 1761இல் புதுச்சேரியை வென்ற ஆங்கிலேயர் அங்கிருந்து எடுத்து வந்தது. பப்ரிசியுஸின் மொழிநடையை அடித்தளமாகக் கொண்டே, ஹென்றி பவர் தலைமையில் உருவான மொழிபெயர்ப்பு 1871இல் முழுமையுற்றது. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868இல் பதிப்பித்தவரும் இந்தப் பவரே என்பது கவிஞர்கள் நினைவில் வைக்கத்தக்கது. இம்மொழிபெயர்ப்பில்தான் கிளெரொனொமியா 'சுதந்தரம்' ஆகவும், விடுதலையுணர்வைக் குறிக்கும் 'எலெயுதெரியா' என்னும் கிரேக்கச் சொல் 'சுயாதீனம்' ஆகவும் நிலைபெற்றன. அக்காலத்து ஊர்வழக்கை நோக்க இது குறையற்ற தேர்வு. சுதேசி இயக்கமும் பாரதியும் அச்சொல்லைக் களத்துமேட்டிலிருந்து வீதிக்கு அழைத்து வந்தது பின்னாளில்.

கிளெரொஸ் என்னும் சீட்டுக்கும் தொண்டை மண்டலத்து வழக்குக்கும் உள்ள ஒப்புமை இதனினும் நெருக்கமானது. சென்னைக் கலெக்டராயிருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ், திருக்குறளுக்கு உரை செய்தவரென்றே தமிழுலகில் பெரிதும் அறியப்பட்டவர். அவர் மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட பதினேழு வினாக்களுக்கு எழுதிய விடைகள் 1818இல் அச்சாயின. சிரஸ்தேதார் சங்கரையாவின் துணை அவருக்கு இருந்தது. மிராசு என்பது பிற்கால ஆட்சியாளர் கொணர்ந்த பெயர், அதன் தமிழ்ப்பெயர் காணியாட்சி என்பதை அவர் தெளிவாக உரைத்தார். காணியாட்சி ஊர்களில் நிலம் பங்குகளாகக் கணக்கிடப்படும். 'அறுதிக்கரை' ஊர்களில் பங்குகள் நிலையாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. 'பசுங்கரை' ஊர்களிலோ நிலம் பொதுவில் இருக்கும். குறித்த காலத்துக்கொருமுறை பங்காளிகளுக்குள் மறுபடியும் பகிரப்படும். இப்பகிர்வுக்குக் கரையீடு என்று பெயர். சீட்டினால் ஊராள்வோரைத் தெரிந்தெடுத்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதே நாட்டைச் சேர்ந்தவை என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. யோசுவாவின் அதிகாரங்களை ஒரு பசுங்கரை ஊர்க்காரனுக்குப் படித்துக் காட்டியிருந்தால், அவனுக்கு உரை தேவைப்பட்டிராது.

உரை தேவைப்படாத மற்றொன்றும் அதில் இருந்தது. கானானில் யோசுவா பங்கிட்ட நிலம் வெறும் நிலமன்று. முன்னிருந்தோரிடமிருந்து வென்ற நிலம். தொண்டை மண்டலத்துக் காணியாட்சியும் அத்தகையதொரு கதையையே தனக்கு மூலமாகச் சொல்லிக்கொண்டது. ஆதொண்டை என்னும் சோழன் புழல் கோட்டையிலிருந்த குறும்பரை வென்று, நாட்டைத் திருத்தி, வேளாளரைக் குடியேற்றிக் காணி அளித்தான் என்பது அக்கதை. சென்னைக்கு ஏரியாகவும் சிறைச்சாலையாகவும் மட்டும் இன்று தெரியும் புழல், அக்கதையில் ஒரு நாட்டின் தலைநகர். திருமுல்லைவாயில் கோயிலின் தலபுராணமும் இதனோடு பிணைந்தது. கதையின் வரலாற்று உண்மை எவ்வளவு என்பது வேறு ஆராய்ச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிராசுதாரர்கள் தம் உரிமைக்குச் சான்றாக இக்கதையைக் காட்டினர் என்பது ஐயமற்ற உண்மை. குறும்பரின் காணி என்னவாயிற்று என்று எந்தப் பதிவேடும் கேட்கவில்லை. மரபுரிமை என்று பேசும் ஒவ்வொரு மொழியிலும் இந்த மௌனம் உண்டு. கிரேக்கத்திலும் உண்டு, எபிரேயத்திலும் உண்டு.

புதிய ஏற்பாட்டில் முன்னோர் மரபைக் குறிக்கும் இன்னொரு சொல், ஒரே ஒருமுறை மட்டும், பேதுருவின் முதல் நிருபத்தின் முதல் அதிகாரம் 18ஆம் வசனத்தில் வருகிறது: 'பத்ரொபராதொதொஸ்'. பதேர் என்றால் தந்தை. பராதொதொஸ் என்றால் கையளிக்கப்பட்டது. தந்தையர் கையளித்தது என்பது முழுப்பொருள். 'பாரம்பரியம்' என்பதைக்கொண்டு இதனைப் பழைய மொழிபெயர்ப்பு உணர்த்துகிறது. கையளித்தலைக் குறிக்கும் 'பராதிதொமி' என்னும் வினைக்குக் கிரேக்கத்தில் இருமுகம். மரபை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தலும் அதுவே. யூதாஸ் தன் ஆசிரியரைக் காட்டிக்கொடுத்ததும் அதே வினைதான்.

இச்சொல்லின் விந்தை என்னவெனில், பேதுருவின் நிருபத்துக்கு வெளியே அது ஏறத்தாழ எங்கும் புகழ்ச்சொல்லாகவே விளங்கியது. ஹாலிகார்னாசுஸ் ஊர் தியொனீசியுஸும் சிசிலித் தீவின் தியொதோருஸும் முன்னோர் பேணிய பக்தியையும் நட்பையும் ஆட்சியையும் இச்சொல்லால் சிறப்பித்தனர். கி.மு. 135 அளவில் பெர்கமோனின் அரசன் மூன்றாம் அத்தாலொஸ் பொறித்த கல்வெட்டொன்றில், தன் தாய் ஸ்திராதொனிக்கே பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த சபாசியொஸ் தெய்வத்தை இதே சொல்லால் பெருமையுடன் குறிப்பிடுகிறான். கிரேக்கரும் உரோமரும் ஒரு பழக்கத்துக்குத் தரக்கூடிய மிக உயர்ந்த சான்று அது முன்னோருடையது என்பதே. டச்சு அறிஞர் வான் ஊனிக் 1969இல் எழுதிய ஆய்வில் இதனை விளக்கினார்: பேதுருவின் நிருபம் அப்புகழ்ச்சொல்லை எடுத்து, அதன்பக்கத்தில் 'வீண்' என்னும் அடையை வைத்து, அதினின்று மீட்கப்பட்டதாகப் பேசுகிறது; கேட்டவர்க்கு அது அதிர்ச்சியாகவே இருந்திருக்கும். மீட்டல் என்பதற்கு அங்கே வரும் வினையும் அடிமைகளையும் சிறைப்பட்டோரையும் விலைகொடுத்து விடுவிப்பதற்கு வழங்கியது.

ஒரே அதிகாரத்தின் 4ஆம் வசனத்தில் அழியாத கிளெரொனொமியா ஒன்று வாக்களிக்கப்படுகிறது. 18ஆம் வசனத்தில் முன்னோர் கையளித்த ஒன்றிலிருந்து மீட்பு கூறப்படுகிறது. பெறவேண்டிய மரபும் விடவேண்டிய மரபும் ஒரு பக்கத்தில் அருகருகே நிற்கின்றன. இறையியலார் இதனை ஆன்மிகமாகவே விளக்குவர். செங்கற்பட்டு நாட்டின் வரலாற்றிலோ அவ்விரண்டும் களத்திலும் சேரியிலும் கண்கூடாக இருந்தன.

காணியாட்சிக்காரருக்கு நிலம் பரம்பரை. அந்நிலத்தை உழுத பறையர் குலத்துப் படியாளுக்குப் பரம்பரையாய் வந்தது கடனும் வேலையும். தந்தை திருமணத்துக்கு வாங்கிய சிறுதொகைக்கு மகனும் உழைத்தான். குடியிருந்த மனையும் மிராசுதாரின் நத்தமென்று சொல்லப்பட்டதால், மறுத்தால் வீடும் இல்லை. 1843இன் ஐந்தாம் சட்டம் அடிமைத்தனத்துக்கு நீதிமன்றத்தின் துணையை மறுத்தது. ஊருக்குள் அச்சட்டம் அதிகம் நடந்து வரவில்லை. பழவேற்காட்டை இங்கு மறத்தல் கூடாது. 1613இல் எழுந்த கெல்திரியா கோட்டையிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் துணியோடு மனிதரையும் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பினர். பஞ்ச காலங்களில் விலை மலிந்தது. அதே பழவேற்காட்டில் 1632 முதல் பத்தாண்டுகள் குருவாயிருந்த ஆபிரகாம் ரொஜேரியுஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்து இந்நாட்டார் தம் முன்னோரிடமிருந்து பெற்ற வழக்கங்களை எழுதினார். பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதல் புகுந்தது 1651இல் வெளிவந்த அந்நூலின் வழியாகத்தான். நூல் அருமையானது. ஆயினும் முன்னோர் மரபை விளக்கக் கற்றவர் ஒருவரைத் தேடிக் கண்ட அவர், கப்பலேற்றப்பட்டோரின் முன்னோரைப் பற்றியும் இப்படி ஒருவரைத் தேடியிருந்தால் தமிழ் வரலாற்றுக்கு அது எவ்வளவோ பயன்பட்டிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சிக்கல் அரசின் மேசைக்கு வந்தது. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர், 1891இல் அம்மாவட்டத்துப் பறையர் நிலைபற்றி ஓர் அறிக்கை அளித்தார். தரிசு நிலத்தை எவரேனும் விண்ணப்பித்துக் கேட்டால் முதலில் மிராசுதாரருக்கே வாய்ப்பளிக்கும் விதியும், புதிதாய் உழுபவரும் அவர்க்குச் 'சுதந்தரம்' செலுத்தவேண்டுமென்ற வழக்கமும் எவ்வாறு உழைப்பவனை நிலத்தினின்று விலக்கி வைத்தன என்பது அவ்விவாதத்தின் மையம். திருவள்ளூர் வட்டாரத்தில் ஈக்காட்டைச் சார்ந்து பணியாற்றிய வெஸ்லியன் மிஷனெரி வில்லியம் கௌடியும், செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீனச் சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் இதே கருத்தைப் பத்திரிகைகளில் எழுதினர். ஆண்ட்ரூ தரிசு நிலத்தில் மெல்ரோசாபுரம் போன்ற குடியிருப்புகளையே அமைத்தார். 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010ஆம் எண் அரசாணையின் பயனாக, ஒடுக்கப்பட்டோருக்கென நிலம் ஒதுக்கும் திட்டம் பிறந்தது. பஞ்சமி நிலம் என்று பின்னர் பெயர்பெற்றது இதுவே. பத்தாண்டு வரை எவருக்கும் விற்கலாகாது, அதன்பின்னும் அவ்வகுப்பாரல்லாதார்க்கு விற்கலாகாது என்ற நிபந்தனை அதற்குண்டு. அறிந்தோ அறியாமலோ, லேவியராகமத்தின் நஹலாச் சட்டத்தை நினைவூட்டும் நிபந்தனை.

ஈக்காட்டுப் பக்கத்துச் சேரியில் அந்நாளில் ஒரு உபதேசியார் இச்சொல்லைப் படித்தபோது கேட்டவர் செவியில் என்ன ஒலித்திருக்கும் என்பது சிந்தனைக்குரியது. களத்தில் மிராசுதார் மரக்காலால் அளந்துகொள்வதும் சுதந்தரம். தாங்கள் கடவுளின் மக்களாகையால் பெறப்போவதும் சுதந்தரம். குத்தகைக்காரர் தோட்டக்காரனின் மகனைக் கொன்று சுதந்தரத்தைக் கவர நினைத்த உவமையை மிராசுதார் ஒருவிதமாகவும் பயிர்க்குடி வேறுவிதமாகவும் கேட்டிருப்பார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் இந்த நெருப்பைத் தெரிந்து வைத்தார்களா என்பது ஐயமே. சொல் தானாகவே எரிந்தது.

மரபை விடுவதா, மீட்பதா என்னும் வினாவுக்கு அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) அளித்த விடை மூன்றாம் வகையைச் சார்ந்தது. 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் அவர், ஒடுக்கப்பட்டோரின் முன்னோர் பூர்வ பௌத்தர் என்றும், இழிவென்று சுமத்தப்பட்டது பிற்காலத்தார் புனைந்த பொய் மரபென்றும் எழுதினார். பேதுருவின் நிருபம் தந்தையர் கையளித்ததினின்று மீட்பைக் கூறியது. பண்டிதரோ உண்மையான தந்தையர் வேறு என்றார். பத்ரொபராதொதொஸைத் துறந்து கிளெரொனொமியாவைக் கோரிய வழி என்று இதனைச் சொல்லலாம். செங்கற்பட்டு நாட்டுக் கோழியாளத்தில் பிறந்து 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், பெயரை மாற்றாமலே பெருமையை மீட்க முனைந்தார். இருவர் வழியும் வேறு. ஆனால் பரம்பரை என்பது ஒருவன் தலையில் பிறர் எழுதிவைக்கும் கணக்கன்று என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

பஞ்சமி நிலங்கள் பிற்காலத்தில் பெருமளவு கைமாறின. அவற்றை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணையில் நடந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர். ஊர்க் கணக்குப்பிள்ளை, முன்சீப் போன்ற பரம்பரைப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. மகளிர்க்குக் குடும்பச் சொத்தில் மைந்தரோடு சமபங்கு தமிழகத்தில் 1989இல் சட்டமாயிற்று. சலோப்பியாத்தின் ஐந்து புதல்வியர் மோசேயின் முன் நின்று நஹலா கேட்டதாக எண்ணாகமம் கூறும் வழக்கு, இந்நாட்டில் தீர்ப்புப்பெற அத்தனை காலமாயிற்று.

1997இல் பழைய செங்கற்பட்டிலிருந்து திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதன் வடகோடியில், ஆந்திர எல்லையையொட்டி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் நிற்கின்றன. அவ்வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைச் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு எடுக்க அரசு முற்பட்டபோது, பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் அவ்வூர் எதிர்த்து நின்றது. 2009இல் பிரெஞ்சு நாட்டு மிச்சலின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்க அரசோடு ஒப்பந்தம் செய்தது, ஆலையும் எழுந்தது. அவ்வூருக்கு அண்மையில் கண்ணன்கோட்டையை இணைத்துக் கட்டப்பட்ட நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. 50 கோடி கன அடி நீர் கொள்ளும் அது சென்னையின் தாகம் தீர்க்க எழுந்தது. தொழிலும் குடிநீரும் வேண்டாதவை என்று எவரும் கூறார். வழக்கு வேறிடத்தில் இருந்தது. தொழிற்பூங்காவுக்கு எடுக்கப்பட்ட நிலம் பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு'. ஆடுமாடு மேய்த்தும் விறகும் தழையும் பொறுக்கியும் தலைமுறைகள் வாழ்ந்த நிலம். எவர் பெயரிலும் பட்டா இல்லாத நிலம். நாபோத்துக்காவது மாற்றுத் தோட்டமோ விலையோ தருவதாக அரசன் பேசினான். அவனுக்குப் பெயர் இருந்தது. புறம்போக்கை மேய்த்தவருக்கு உரிமையாளர் என்ற முறையில் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

இங்கேதான் பழைய சொல்லின் இருபொருளும் மறுபடி ஒன்றையொன்று தொடுகின்றன. கரையீட்டுக் காலத்தில் மேய்ச்சல் நிலமும் ஏரியும் ஊர்ப்பொதுவாக இருந்தன. பங்காளிகளல்லாதார்க்கும் அங்கே நடமாட்டம் இருந்தது. அந்நடமாட்டத்தைப் பிற்காலத்துப் பதிவேடு உரிமையாக எழுதவில்லை. காணி என்றும் எழுதவில்லை. புறம்போக்கு என்று எழுதியது. கிளெரொஸ் என்னும் சீட்டு விழாதவனுக்கும் நிலத்தில் ஒரு தொடர்பு உண்டென்பதை எபிரேயச் சட்டம் ஓரளவு கண்டிருந்தது. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடச் சொல்லியது. அந்த ஓரத்துக்கு நஹலா என்று பெயரில்லை. ஆனால் அது இரக்கத்தால் இடும் பிச்சையாகவும் சொல்லப்படவில்லை.

1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி வெளியிட்ட 'திருவிவிலியம்' சுதந்தரத்தை விலக்கி, 'உரிமைச் சொத்து', 'உரிமைப்பேறு' என்னும் சொற்களை வைத்தது. இன்றைய வாசகருக்கு அதுவே தெளிவு. ஆயினும் சொத்து என்றவுடன் பத்திரமும் முத்திரைத்தாளும் மனத்தில் வந்து நிற்பதைத் தவிர்க்க முடியவில்லை. பவர் காலத்துச் சொல்லில் களத்துமேட்டின் தூசு இருந்தது. யாருக்கு எவ்வளவு என்ற சச்சரவும் இருந்தது. கவிஞருக்கு எது உதவும் என்பது அவரவர் செவியைப் பொறுத்தது.

கும்மிடிப்பூண்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் இன்றும் மக்கள் வந்து கேட்பது 'வாரிசுச் சான்றிதழ்'. இறந்தவர் பெயர், உறவுமுறை, வயது என்று விண்ணப்பத்தில் கட்டங்கள் உண்டு. முப்பத்தேழாம் சங்கீதத்து வினையின் உறவுச்சொல் அத்தாளின் தலைப்பில் அச்சாகியிருக்கிறது. தேர்வாய் கண்டிகையில் ஆடு மேய்த்து இறந்த ஒருவரின் மகனும் அச்சான்றிதழைப் பெறலாம். அவர் மேய்த்த நிலம் மட்டும் அதன் பயன்பாட்டுக்குள் வராது.